ஜி.எஸ்.எம்.மை விடுங்கள், படத்தின் கருப்பைப் பாருங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் எப்சன் எல் 8050 பிரிண்டர் இருக்கிறது. சில்வர் பீச்சில் விடியற்காலையில் எடுத்தவை, பிச்சாவரம் சுரபுன்னைக் காடு, பாடலீஸ்வரர் கோயில் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவை, புதுச்சேரி ஒயிட் டவுன் தெருக்கள் என்று பத்துப் பன்னிரண்டு படங்களைப் பொறுக்கி வைத்திருக்கிறார். ஃபைன் ஆர்ட் தாளில், அதாவது கலைப் படங்களை அச்சிடுவதற்கென்றே செய்யும் உயர்ரகத் தாளில், அச்சிட்டு பிரேம் போட ஆசை. எந்தக் கம்பெனி தாள் வாங்கலாம், எத்தனை ஜி.எஸ்.எம். இருந்தால் நல்லது என்பது கேள்வி.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கு, அவ்வளவுதான். கனமான கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கும்போது ஒரு மரியாதை வருமே, 308 ஜி.எஸ்.எம். தாளைத் தூக்கும்போதும் அதே மரியாதை வரும். பிரேமுக்குள் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் 188 எது, 308 எது என்று யாராலும் சொல்ல முடியாது. மையை வாங்கிக்கொள்வது தாளின் மேலே இருக்கும் பூச்சு. எடைக்கு அதில் பங்கு இல்லை. கம்பெனிப் பெயரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் முதலில் கேட்பது வேறு இரண்டு: பிரிண்டரில் இருப்பது என்ன மை, உங்கள் படத்தில் கருப்பு எவ்வளவு, எங்கே இருக்கிறது.

மையை முதலில் முடித்துவிடுவோம். எல் 8050-இல் ஆறு நிறங்கள், ஆறுமே டை மை. டை என்பது திரவத்தில் கரைந்த சாயம். பூச்சுக்குள் ஊறி இறங்கிவிடும். பிக்மென்ட் என்பது கரையாத நுண்துகள். பெரும்பாலும் பூச்சின் மேலாகவே தங்கும். ஃபைன் ஆர்ட் தாள் தயாரிப்பவர்கள் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் எப்சன் பி700, கேனான் புரோ-300 மாதிரியான பிக்மென்ட் பிரிண்டர்களைத்தான். அவற்றில் பளபளப்பில்லாத மேட் தாளுக்கு ஒரு கருப்பு, பளபளப்புத் தாளுக்கு ஒரு கருப்பு என்று தனித்தனியாக இருக்கும். உங்களிடம் இருப்பது ஒரே கருப்பு.

அதனால் ஃபைன் ஆர்ட் தாள் உங்களுக்கு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். டை மை நல்ல தாளில் நன்றாகவே அச்சாகும். பளபளப்பான தாளில் பிக்மென்ட் மை விழுந்த இடமும் விழாத இடமும் சாய்த்துப் பார்த்தால் வேறு வேறு மினுமினுப்பாகத் தெரியும். டை மையில் அந்தத் தொல்லை இல்லை. நீங்கள் இழப்பது இரண்டு: மேட் தாளில் கருப்பின் ஆழம் சற்றுக் குறையும், படத்தின் ஆயுளும் குறையும். வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் டை மையை வேகமாக வெளுக்கவைக்கும். உங்கள் வீட்டுச் சுவருக்கு என்றால் இது பெரிய விஷயமே இல்லை. சில வருடம் கழித்து வெளுத்தால் இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம். காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் பிக்மென்ட் பிரிண்டர் வைத்திருப்பவரிடம் கொடுத்து அச்சிடுங்கள். டை பிரிண்டரில் வேறு கம்பெனி பிக்மென்ட் மையை ஊற்றிக்கொள்ளலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மையைத் தெளிக்கும் ஹெட் அடைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, நிறமும் எந்தக் கணக்குக்கும் வராது.

சரி, கருப்பு. தாளைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இதுதான். மேட் தாளின் மேற்பரப்பு நுண்ணிய அளவில் கரடுமுரடானது. விழும் ஒளி நாலா பக்கமும் சிதறும். அச்சான கருப்பின் மீதும் அப்படித்தான், அதனால் அது கரும் சாம்பலாகத் தெரியும். பளபளப்பான பூச்சில் ஒளி ஒரே திசையில் திரும்பிப் போய்விடுவதால் நம் கண்ணுக்குக் கருப்பு கருப்பாகவே வரும். இதை அளக்க அடர்த்தி எண் ஒன்று உண்டு. நல்ல மேட் தாளில் மிக ஆழமான கருப்பு 1.6, 1.7 அளவில் நிற்கும். நல்ல பாரைட்டா தாளில், அதாவது பளபளப்பான ஃபைன் ஆர்ட் தாளில், 2.3-ஐத் தொடும். பார்வைக்குச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கிறது. ஆனால் 1.6 என்றால் விழுந்த ஒளியில் நூற்றில் இரண்டரைப் பங்கு திரும்பி வருகிறது, 2.3 என்றால் அரைப் பங்கு. ஐந்து மடங்கு.

இப்போது உங்கள் படங்களைப் பிரியுங்கள். பிச்சாவரத்தில் பனி மூடிய உப்பங்கழி, சில்வர் பீச்சில் சூரியன் வருவதற்கு முந்தைய சாம்பல் நீலம், இவற்றில் எல்லாம் உண்மையான கருப்பே கிடையாது. படகின் நிழல் கூடக் கரும் பச்சைதான். இந்தப் படங்கள் மேட் பருத்தித் தாளுக்கென்றே பிறந்தவை. பளபளப்பு இல்லாததால் பனி தாளோடு கலந்துவிடும். எதிரே ஜன்னல் இருந்தாலும் தாளின் மேல் வெளிச்சம் அடிக்காது.

கோயில் படம் நேர் எதிர். முக்கால்வாசி இருட்டு, நடுவில் ஒரு விளக்கு, கல்தூணில் விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். இதை மேட் தாளில் அச்சிட்டால் தூணுக்கும் அதன் பின்னால் இருக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் போய்விடும், விளக்கும் மங்கும். சுடர் பிரகாசமாகத் தெரிவதே சுற்றியுள்ள இருட்டால்தானே. இதற்குப் பாரைட்டா வேண்டும். அதுவும் கட்டுப்படியாகவில்லை என்றால் லஸ்டர் என்று விற்கும் பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. தாளே போதும். ஃபைன் ஆர்ட் என்ற பட்டம் அதற்கு இல்லாவிட்டாலும் கருப்பு நன்றாக இருக்கும். விலையுயர்ந்த மேட் பருத்தித் தாளில் அச்சான கோயில் படத்தைவிட லஸ்டரில் அச்சானதைத்தான் நான் சுவரில் மாட்டுவேன்.

ஒயிட் டவுன் படங்கள் நடுவில் நிற்கின்றன. மஞ்சள் சுண்ணாம்புச் சுவர் மேட் தாளில் அருமையாக வரும். சுவரின் சொரசொரப்பும் தாளின் சொரசொரப்பும் ஒத்துப்போகும். ஆனால் அந்தச் சுவரில் தொங்கும் காகிதப்பூவின் அடர்ந்த ரோஜா நிறம் கொஞ்சம் அடங்கிப் போகும். மேட் தாளில் நிற வீச்சும் குறைவு. பூதான் படம் என்றால் பாரைட்டா, சுவர்தான் படம் என்றால் மேட்.

தாளின் பெயர்களுக்கு வருவோம். அடித்தாள் இரண்டு வகை. ஒன்று பருத்தி இழை. மற்றொன்று ஆல்பா செல்லுலோஸ், அதாவது தாளை மஞ்சளாக்கும் லிக்னினை நீக்கிச் சுத்தம் செய்த மரக்கூழ். பருத்தி என்றால் உசத்தி, மரக்கூழ் என்றால் மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. அமிலம் நீக்கிய நல்ல ஆல்பா செல்லுலோஸ் தாள் வீட்டுச் சுவருக்குத் தாராளமாகப் போதும். ஜெர்மனியின் ஹானெமூலே 1584-இல் தொடங்கிய தாள் ஆலை. அவர்களுடைய ஃபோட்டோ ராக் முழுப் பருத்தி, மேட், 308 ஜி.எஸ்.எம். அதிகம் பேசப்படுகிறது, அதே தாள் 188-லும் வருகிறது. பிரான்சின் கேன்சன் தயாரிக்கும் ராக் ஃபோட்டோகிராஃபிக் 210, 310 என்று இரண்டு கனத்தில் கிடைக்கும். உங்களுக்கு நான் சொல்வது 188 அல்லது 210. காரணம் பிரிண்டர்தான். ஃபோட்டோ ராக் 308 ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன். வீட்டுப் பிரிண்டரின் பின்பக்கத் தாள் தட்டு இவ்வளவு தடிமனுக்குச் செய்யப்பட்டது இல்லை. தாள் வளைந்து உள்ளே போகும்போது உருளை வழுக்கும், அச்சு சாயும், சில நேரம் ஹெட் தாளில் உரசும். பிரிண்டர் கையேட்டில் அதிகபட்சத் தடிமன் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

பாரைட்டா தாள்கள் பெரும்பாலும் 300-க்கு மேலேதான் இருக்கும். ஹானெமூலேயின் ஃபோட்டோ ராக் பாரைட்டா 315, ஃபைன் ஆர்ட் பாரைட்டா 325, கேன்சனின் பாரைட்டா 310. பாரைட்டா என்பது பேரியம் சல்பேட் அடுக்கு. இருட்டறையில் படம் கழுவிய காலத்து ஃபைபர் தாள்களிலும் அதே அடுக்குதான் இருந்தது. (இதற்கு மூலமான பாரைட்டு கனிமம் ஆந்திராவில் மங்கம்பேட்டையில் மலையாகக் கிடக்கிறது. தாள் என்னவோ ஐரோப்பாவிலிருந்து வருகிறது.) உங்கள் பிரிண்டரில் இந்தக் கனம் போகுமா என்பதை ஒற்றைத் தாளில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். போகவில்லை என்றால், கோயில் படத்துக்கு முன்னே சொன்ன லஸ்டர்.

25 தாள் பெட்டி ஏ4 அளவிலேயே சில ஆயிரங்கள் ஆகும். அதனால் எடுத்த எடுப்பில் பெட்டி வேண்டாம். இந்தக் கம்பெனிகள் வகைக்கு ஓரிரு தாள் வைத்து மாதிரிப் பொட்டலம் விற்கின்றன, அதில் தொடங்குங்கள். அப்புறம் மேட்டில் ஒன்று, பளபளப்பில் ஒன்று என்று இரண்டே தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு புதுத் தாள் வாங்கிப் பார்ப்பவர்களுக்கு எந்தத் தாளின் குணமும் பிடிபடுவதில்லை.

உள்ளூர்க் கடையில் கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. 'ஆர்ட் பேப்பர்' என்று கேட்டால் காலண்டர், நோட்டீஸ் அடிக்கும் ஆஃப்செட் தாளை எடுத்துக் கொடுப்பார்கள். அது வழுவழுப்பாக அழகாகத்தான் இருக்கும். இங்க்ஜெட் மை அதில் ஊறாது, விரல் பட்டால் இழுபடும். ஸ்டேஷனரி கடையில் கட்டுக் கட்டாகக் கிடைக்கும் விலை மலிவான கிளாஸி போட்டோ பேப்பரும் இந்த வேலைக்கு ஆகாது. மழைக்காலத்தில் சுருண்டுகொள்ளும், மேற்பரப்பு நாள் முழுக்கப் பிசுபிசுக்கும். நிறச் சோதனைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பீர்கள், அதுவும் வேண்டாம். அந்தத் தாளில் பார்த்த நிறம் இந்தத் தாளில் வராது.

புதுச்சேரிக்காரர்கள் எல்லோரும் கேட்கும் ஒன்று இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் கூடத்தில் 1959-லிருந்து பருத்திக் கழிவுத் துணியில் தாள் செய்கிறார்களே, பருத்தித் தாள்தானே, அதில் அச்சிட்டால் என்ன? தாள் உண்மையிலேயே அழகு. ஆனால் அதில் இங்க்ஜெட் பூச்சு கிடையாது. மை இழைகளுக்குள் ஓடிப் பரவும், கோடுகள் தடித்துப் போகும், நிறம் மங்கும். தளர்ந்த இழைகள் உதிர்ந்து ஹெட்டில் ஒட்டும் அபாயம் வேறு. பென்சில் ஓவியத்தின் நகல், பழுப்பேறிய பழைய குடும்பப் படம் மாதிரி மங்கலே அழகாக அமையும் சிலவற்றுக்குச் சரிப்படலாம். மெல்லிய தாளாகப் பார்த்து, தூசு தட்டி, முயன்று பாருங்கள். என்னைக் கேட்டால், அந்தத் தாளை வாங்கிப் படங்களை வைக்கும் உறையும் ஆல்பத்தின் மேல் அட்டையும் செய்துகொள்வதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

தாளின் வெண்மையைப் பற்றியும் கொஞ்சம். பளீரென்று இருக்கும் தாள்கள் பலவற்றில் ஒளிரூட்டி ரசாயனம் கலந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும், அதனால் தாள் வெள்ளைக்கும் மேல் வெள்ளையாகத் தோன்றும். காலப்போக்கில் அந்த ரசாயனம் சோர்ந்துபோகும். அன்றைக்குத் தாள் மஞ்சளானது போலத் தெரியும். மளிகைக் கடைகளில் கள்ள நோட்டு பார்க்க வைத்திருக்கும் நீல விளக்கு இருக்கிறதல்லவா, அதை இருட்டில் தாளின் மேல் அடித்துப் பாருங்கள். ஜெராக்ஸ் தாள் நீலமாகக் கொதிக்கும். கேன்சன் ராக் ஃபோட்டோகிராஃபிக் சும்மா கிடக்கும், அதில் ஒளிரூட்டி கிடையாது. ஹானெமூலேயின் பேம்பூவும் அப்படித்தான். ஃபோட்டோ ராக்கில் கொஞ்சம் உண்டு. வீட்டில் எல்.ஈ.டி. விளக்கு என்றால் அதில் புற ஊதா அநேகமாக இல்லை, ஆகவே ஒளிரூட்டிக்காகக் கொடுத்த வெண்மை இரவில் வேலை செய்யாது. உங்கள் பிச்சாவரம் படத்துக்கு இளமஞ்சள் சாயல் உள்ள இயல்பான வெள்ளையே பொருந்தும் என்பது என் எண்ணம்.

இனி நம் ஊர்ப் பிரச்சினை. தாள் கம்பெனிகள் 40 முதல் 60 சதவீத ஈரப்பதத்தில் தாளை வைக்கச் சொல்கின்றன. மங்காத ஆயுளைச் சோதிக்கும் வில்ஹெல்ம் ஆய்வகமும் 24 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம் என்று வைத்துத்தான் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். அதனால் பெட்டியில் போட்டிருக்கும் நூறு வருடம், நூற்றைம்பது வருடம் எல்லாம் நமக்கு அப்படியே பொருந்தாது.

ஈரம் என்ன செய்கிறது? பருத்தி இழை தண்ணீரை இழுத்து உப்பும். பூசிய பக்கமும் பூசாத பக்கமும் ஒரே அளவுக்கு உப்புவதில்லை, அதனால் தாள் வளையும். வளைந்த மூலை பிரிண்டருக்குள் மேலெழும்பி ஹெட்டில் தட்டும். ஓரத்தில் கருப்புக் கீற்றுகள் விழும். பலர் இதைப் பிரிண்டர் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். அச்சான பிறகும் கதை முடிவதில்லை. மிகுந்த ஈரத்தில் டை மை பூச்சுக்குள் மெல்லப் பரவும், நுண்விவரம் மழுங்கும். நான்கைந்து மாதம் மூடிவைத்த தாளில் பழுப்புப் புள்ளி வந்தால் அது பூஞ்சை.

கேமராவுக்கு உலர் பெட்டி வைத்திருப்பவர் என்றால் ஏ4 தாளையும் அதற்குள் படுக்க வையுங்கள். இல்லையென்றால் தாள் வந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எறியாமல், அதோடு சேர்த்துப் பெரிய ஜிப் கவரில் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்து மூடுங்கள். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி உழைக்கும். சமையல் வாணலி வேண்டாம், பழையது ஒன்றை ஒதுக்கிக்கொள்ளுங்கள். தாளை எப்போதும் படுக்கைவாட்டில் வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வேண்டாம், தரையில் வேண்டவே வேண்டாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது தரையில் இருந்த அட்டைப் பெட்டிகள் என்ன கதி ஆயின என்று இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சில நூறு ரூபாய்க்கு ஈரமானி கிடைக்கிறது. பிரிண்டர் அறையில் ஒன்று மாட்டுங்கள். அடைமழை நாளில் அச்சிட வேண்டுமென்றால் கதவை மூடி ஏ.சி. போட்டு, எண் 60-க்குக் கீழே இறங்கிய பிறகு தாளை வெளியே எடுங்கள். ஏ.சி. அறையில் குளிர்ந்து கிடந்த பெட்டியைப் புழுக்கமான அறைக்குக் கொண்டுவந்தால் உடனே திறக்காதீர்கள்; குளிர்ந்த தாளில் ஈரம் படியும். மாசி, பங்குனியில் அச்சு வேலைகளை வைத்துக்கொண்டால் இந்தப் பாடு பாதி குறையும். பெட்டி வாங்குவதையும் ஐப்பசிக்கு முன்னால் குவித்துவைக்காமல் தை மாதம் தாண்டி வாங்குவது புத்தி.

நிறத்துக்கு ஐ.சி.சி. புரொஃபைல், அதாவது இந்த மை இந்தத் தாளில் எந்த நிறமாக விழும் என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு. உங்கள் பிரிண்டருக்கும் அந்தத் தாளுக்கும் சேர்த்துத் தாள் கம்பெனியே இலவசமாகத் தருவது. அவர்கள் பட்டியலில் உங்கள் பிரிண்டர் பெயர் இருக்கிறதா என்று தாள் வாங்கும் முன்பே பாருங்கள். சமமான இரண்டு தாளில் எதை வாங்குவது என்று குழம்பினால், புரொஃபைல் இருப்பதை வாங்குங்கள். புரொஃபைல் போட்டு அச்சிடும்போது நிற நிர்வாகத்தை மென்பொருளிடம் விட்டு பிரிண்டர் டிரைவரில் அணைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து திருத்தினால் முகமெல்லாம் சிவந்துவிடும். எந்தத் தாள் வகையை டிரைவரில் தேர்வது என்பதும் புரொஃபைலோடு வரும் குறிப்பில் இருக்கும், அதையே வையுங்கள். அச்சு இருட்டாக வருகிறது என்று புலம்புபவர்களில் பெரும்பாலோருக்குக் குற்றம் தாளில் இல்லை, மானிட்டர் வெளிச்சம் முழுசாக ஏற்றி வைத்திருப்பார்கள்.

புதுத் தாள் வந்ததும் படத்தை அச்சிடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு ஏ4-இல் சின்னச் சின்னக் கட்டங்களாக ஆர்.ஜி.பி. நிற எண்ணில் (0 முழுக் கருப்பு, 255 முழு வெள்ளை) 0, 5, 10, 15 என்று 40 வரை கருப்பிலிருந்து சாம்பல் நோக்கிப் போகும் பட்டை ஒன்று, கீழே உங்கள் படங்களிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகள். ஒரு நாள் காயவிட்டு, பகலில் ஜன்னல் ஓரம் பாருங்கள். மேட் தாளில் முதல் சில கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கருப்பாகத் தெரியும். 15-க்கும் 20-க்கும் இடையில்தான் முதல் கோடு தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்தத் தாளுக்கு அனுப்பும் படத்தில் நீங்கள் காட்ட விரும்பும் நிழல் எதுவும் 20-க்குக் கீழே இருக்கக் கூடாது, மென்பொருளில் வெளிச்சத்தைத் திருத்தும் கர்வில் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும். அந்தத் துண்டைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள்.

அச்சிடும்போது தாளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். எது பூசிய பக்கம் என்று சந்தேகம் வந்தால் மூலையில் லேசாக ஈரமான விரலை வைத்துப் பாருங்கள், பூச்சு விரலைப் பிடிக்கும். பருத்தித் தாளில் தூளும் இழையும் ஒட்டியிருக்கும். மென்மையான அகலத் தூரிகையால் தட்டிவிட்டுப் போடாவிட்டால், அச்சான பிறகு அந்தத் தூள் உதிர்ந்து கருப்பின் நடுவே வெள்ளைப் புள்ளி விழும். வெளியே வந்ததும் ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் குறைந்தது ஒரு நாள் ஆறவிடுங்கள்.

பிரேம் கடையில் இரண்டு விஷயம் கறாராகச் சொல்ல வேண்டும். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவில் மவுண்ட் அட்டை, அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் ஜன்னல் வெட்டிய அட்டை, வேண்டும். தொட்டால் ஒரு மழைக்காலத்திலேயே ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் பூச்சு உரிந்து வரும். பின்னால் வழக்கமாக வைக்கும் பழுப்பு அட்டை படத்தின் முதுகைத் தொட்டால் அதன் அமிலம் தாளுக்கு இறங்கும், அமிலமற்ற அட்டை ஒன்று இடையில் இருக்கட்டும். ஃபெவிகால் போட்டு முழுசாக ஒட்டிவிடுவார்கள், மேல் விளிம்பில் மட்டும் காகித நாடாவால் தொங்கவிடச் சொல்லுங்கள். பிரேமின் பின்பக்கம் கீழ் மூலைகளில் ரப்பர் பொத்தான் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றோட்டம் இருக்கும். கொக்கி, ஆணி எல்லாம் பித்தளை அல்லது எவர்சில்வர். கடற்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடித்தால் அந்தக் கறை சுவரோடு நிற்காது, மவுண்ட் அட்டை வரைக்கும் வரும்.